மெமரி கிளினிக்குக்கு அப்பாவைக் கூட்டிப் போனோம்: செலவு, சோதனை, பலன், புகார்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். டாக்டருக்கும் சோதனை எடுத்த பெண்ணுக்கும் ஐந்து, பில்லுக்கு இரண்டு, ரிசப்ஷனுக்கு ஒன்று கொடுப்பதே அதிகம். சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் நடக்கிற மெமரி கிளினிக் இது, அதாவது மறதி, யோசிப்பதில் தடுமாற்றம் என்று வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கிற பிரிவு. பெயர் போடவில்லை. நான் கீழே திட்டப்போகிற விஷயங்கள் அங்கே மட்டும் நடப்பவை இல்லை, பாராட்டப்போகிறவற்றைக் கொஞ்சம் விவரம் தெரிந்த எந்த டாக்டரிடமும் நீங்கள் கேட்டு வாங்கலாம். அதனால் இதை ஒரு கடையின் விமர்சனமாகப் பார்க்காமல், இந்த மாதிரி இடத்துக்கு வீட்டுப் பெரியவரைக் கூட்டிப் போகலாமா, போனால் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள வாசியுங்கள்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விழுப்புரம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நகைக் கடன் வட்டியை நாள் கணக்கோடு மனதிலேயே போட்டுச் சொல்வார். அவருக்கு மறதி என்று நாங்கள் போகவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1980-களில் கிளையில் யார் மேனேஜர், யார் பியூன் என்பதெல்லாம் இன்றைக்கும் சரளமாக வரும். அவரிடமிருந்து காணாமல் போனது வேறு ஒன்று. ஒரு விஷயத்தை எடுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, ‘இது சரிப்படாது’ என்று சொல்கிற தெளிவு. ஒருநாள் தெருவில் யாரோ மாதம் இரண்டு சதவீதம் தருகிற திட்டம் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போக, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நல்ல திட்டமாத்தானே இருக்கு?” என்று என்னிடம் கேட்டார். முப்பது வருஷம் இதே மாதிரித் தாள்களோடு கவுண்டருக்கு வந்தவர்களை உட்காரவைத்துப் புத்தி சொல்லி அனுப்பிய மனுஷன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: வயசாயிடுச்சு இல்ல. இதில் பாதி உண்மை. மூளை ஒன்றைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் வேகம் இருபதுகளைத் தாண்டியதிலிருந்தே மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது, அது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் சொல்வளம், பொது அறிவு, அனுபவத்தில் வந்த விவரம் இதெல்லாம் அறுபதுகள் வரைகூடக் கெடாமல் நிற்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். ஆகவே தாத்தா மெதுவாகப் பதில் சொல்கிறார் என்றால் விட்டுவிடலாம். ஒரு வருஷத்துக்குள் அவருடைய முடிவெடுக்கும் குணமே மாறிப்போனால் வயசு என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே வாரத்தில் மாறினால் இன்னும் அவசரம்: சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது மாதிரியான காரணங்களில் வயதானவர்கள் திடீரென்று குழம்பிப்போவார்கள். அதற்கு மெமரி கிளினிக்கில் தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, நேரே மருத்துவமனைதான்.

கிளினிக்குக்கு முன்னால் வீட்டில் வாங்கிக் குவித்த பொருட்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அங்கேயேதான் நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கிற தம்பி, ஞாபகசக்திக்கு நல்லது என்று விற்கிற ஜின்கோ பிலோபா என்ற மூலிகை மாத்திரை வாங்கி அனுப்பினான். அதைப் பற்றிய பெரிய ஆய்வு 2008-லேயே வந்துவிட்டது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன மூவாயிரத்துச் சொச்சம் பேருக்குத் தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் வீதம் வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் தேய்ந்துகொண்டே போகிற நோய், வருவது குறையவில்லை. அப்புறம் அத்தை வல்லாரை கேப்சூல் கொண்டுவந்து கொடுத்தார். வல்லாரைத் துவையல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தோசைக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் டப்பாவில் அடைத்து ஆன்லைனில் விற்கிற மூலிகை மருந்துக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 193-ஐ வாங்கிச் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஈயம் மூளைக்கு என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, மூளைப் பயிற்சி ஆப். அக்கா பெண் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்து, வருஷச் சந்தாவும் கட்டிவிட்டாள். பறவை வந்த இடத்தைத் தொடு, நிறத்தையும் சொல்லையும் பொருத்து என்கிற மாதிரி விளையாட்டுகள். அப்பா கொஞ்ச நாளில் பறவையைத் தொடுவதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார், கரன்ட் பில்லை இரண்டு தடவை கட்டுவது மட்டும் நிற்கவில்லை. இந்த வகை ஆப்களைப் பற்றிய பெரிய உண்மையும் கிட்டத்தட்ட இதுதான். எதைப் பழகுகிறோமோ அதில் தேறுகிறோம், பழகாத வேலைக்கு அது பெரிதாகப் போய்ச் சேருவதில்லை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,800-க்கும் அதிகமானவர்களை வைத்து ஆக்டிவ் என்று ஓர் ஆய்வு நடந்தது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, தர்க்கமும் வேகமும் பழகியவர்களுக்கு அந்தந்தத் திறன் ஓரளவு நின்றிருந்தது, நினைவாற்றல் பழகியவர்களுக்கு நிற்கவில்லை. வீட்டு வேலைகளில் சிரமம் கொஞ்சம் குறைவு என்று அவர்களே சொன்னார்கள், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ‘மூப்பைத் தள்ளிப்போடும்’ என்றெல்லாம் விளம்பரம் செய்ய முடியாது. அப்படிச் செய்த லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப் நிறுவனம் 2016 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டு 20 லட்சம் டாலர் கட்டியது. விளையாடப் பிடித்தால் விளையாடட்டும், சீட்டுக்கட்டும் தாயமும் மாதிரி அது ஒரு பொழுதுபோக்கு. சந்தா கட்டுகிற அளவுக்கு இல்லை.

சரி, கிளினிக். தேதி வாங்குவதற்கே பெரும்பாடு. போனில் ஒரு எண்ணை அழுத்து, இன்னொரு எண்ணை அழுத்து என்று ஆங்கிலத்தில் ஓடுகிற குரல். தெளிவாக யோசிக்க முடியவில்லை என்று வருகிறவர்களுக்கான பிரிவுக்கு வழி காட்டும் ஏற்பாடு இப்படி இருப்பதை யார் யோசித்தார்களோ. நேரில் போனால் நான்கு பக்கப் படிவம், அதுவும் ஆங்கிலத்தில்தான். டோக்கன் பதினோரு மணிக்கு, உள்ளே கூப்பிட்டது ஒரு மணிக்கு மேல். காத்திருக்கும் கூடத்தில் டிவி அலறுகிறது. எங்களுக்கு எதிரே ஒரு மகன் தன் அம்மாவுக்கு இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, எந்த மாடியில் இருக்கிறோம் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார், எங்கேயோ கேள்வித்தாள் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் போல. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அம்மா பாஸாகிவிடுவார், கோளாறு என்ன என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

உள்ளே சைக்காலஜிஸ்ட், இளம்பெண். வங்கியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் அப்பாவை ‘சார்’ என்றே கூப்பிட்டார், அந்த ஒன்றிலேயே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். (ரிசப்ஷனில் ‘பெரியவரே, இப்படித் தள்ளி உட்காருங்க’.) சோதனை தமிழில்தான். இந்தத் துறையில் இரண்டு சோதனைகள் ரொம்பப் பழக்கம், இரண்டுக்கும் 30 மதிப்பெண். 1975-ல் வந்த எம்எம்எஸ்இ ஒன்று, கனடாவில் உருவாகி 2005-ல் வெளியான மோகா இன்னொன்று. அப்பாவுக்கு எடுத்தது மோகா. ஒரு கடிகாரம் வரைந்து சொன்ன நேரத்துக்கு முள் வைக்க வேண்டும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், இரண்டு பொருட்களுக்குள் என்ன ஒற்றுமை என்று சொல்ல வேண்டும். பார்க்கக் குழந்தை விளையாட்டு. ஆனால் கடிகாரம் வரைவதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும், பன்னிரண்டு எண்களையும் இடம் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். திட்டமிடும் பகுதி தளர்ந்தால் எண்கள் எல்லாம் ஒரே பக்கம் போய் நெருக்கிக்கொண்டு நிற்கும். மறதியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு அனுப்புகிற இடத்தைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் அப்பாவுக்குப் பிரச்சினை மறதியே இல்லை என்று சொன்னேன் அல்லவா.

பாதியில் அந்தப் பெண் நிறுத்திவிட்டார். “சார் தப்பாச் சொல்லல, அவருக்கு நான் சொல்றது கேக்கல” என்றார். நான் ஐந்துக்கு ஐந்து கொடுத்தது இந்த இடத்துக்குத்தான். முழுவதும் எடுத்து ஒரு மதிப்பெண்ணைப் போட்டு அனுப்பியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காது டாக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு காதிலும் குரும்பி கல் மாதிரி இறுகியிருந்தது. அதை எடுத்த பிறகும் கேட்கும் திறன் நடுத்தரமாகக் குறைந்திருப்பது தெரிந்து, காது மெஷின் வாங்கினோம். மறுபடியும் ரயிலேறி வந்துதான் மிச்சச் சோதனை, அந்த அலைச்சல் கடுப்பாக இருந்தது, ஆனாலும் சரியான முடிவு. காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் டிமென்ஷியாவுக்கான 14 காரணிகளைப் பட்டியலிட்டது, எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றது. அதில் கேட்கும் திறன் குறைவு முக்கியமான ஒன்று. அதற்காகக் காது மெஷின் போட்டால் எல்லோருக்கும் மூளை தெளிந்துவிடும் என்று இல்லை. 2023-ல் 977 பேரை வைத்து அமெரிக்காவில் வந்த ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை, ஏற்கனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினருக்கு மட்டும் மூன்று வருஷத்தில் சரிவின் வேகம் பாதியளவு குறைந்தது.

அப்பாவுக்கு 30-க்கு 19. மோகாவில் 26-உம் மேலும் சரியான அளவு என்று வைத்திருக்கிறார்கள், பன்னிரண்டு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள். பள்ளிக்கூடமே போகாத நம் பாட்டிகளுக்கு இந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு? எழுதப் படிக்கத் தெரியாதவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால், அவர்களுக்கென்று வேறு சோதனை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

இந்தக் கிளினிக்கில் என்னுடைய காசுக்கு முழுப் பலன் தந்த பத்து நிமிஷம் டாக்டர் அறையில் நடந்தது. தேதி உறுதி செய்து வந்த மெசேஜிலேயே ‘சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு எடுத்து வரவும்’ என்று இருந்தது. டாக்டர் பையை அப்படியே மேஜையில் கொட்டினார். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின், காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரை, அதை ஏன் ஆரம்பித்தோம் என்றே யாருக்கும் நினைவில்லை, வருஷக்கணக்கில் ஓடுகிறது. அம்மா இறந்தபோது தூக்கம் வரவில்லை என்று எழுதிக் கொடுத்த அல்பிரசோலம், அந்தப் பழைய சீட்டைக் காட்டியே மெடிக்கல் ஷாப்பில் இன்றுவரை வாங்குகிறோம். அப்புறம் மூக்கு ஒழுகுவதற்கு அப்பா தானாகவே தினம் போட்டுக்கொள்கிற சளி மாத்திரை, உள்ளே குளோர்பெனிரமின்.

இரண்டு அட்டைகளைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசினார். தூக்க மாத்திரை வயதானவர்கள் உடம்பிலிருந்து வெளியேற அதிக நேரம் எடுக்கும், ராத்திரி போட்டதன் மந்தம் மறுநாள் பகலிலும் இருக்கும். குளோர்பெனிரமின் வகை மாத்திரைகள் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன, கவனத்துக்கும் நினைவுக்கும் அது வேண்டும். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமருக்குக் கொடுக்கிற டொனெபெசில் இதற்கு நேர்எதிராக அதே அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்கான மருந்து. இரண்டையும் ஒரே சமயத்தில் சாப்பிட்டுக்கொண்டு தன்னிடம் வருகிறவர்கள் உண்டு, ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிற கதை என்றார். வயதானவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்காவில் 1991-லிருந்து பியர்ஸ் பட்டியல் ஒன்று இருக்கிறது, அப்பாவின் பையில் இருந்த இந்த இரண்டு வகையும் அதில் வருகின்றன. இதைக் கேட்டதும் நான் அப்போதே அட்டையைக் குப்பையில் போடப் பார்த்தேன். டாக்டர் தடுத்தார். அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று எந்த வாரம் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுத்தார். இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. மூளைக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின் பி12 நன்றாகவே குறைந்திருந்தது. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும், கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. குடல் அதை உறிஞ்சுவதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. வீட்டிலோ சைவம், பாலும் தயிரும் தவிர பி12-க்கு வேறு வழியில்லை. மூன்றும் சேர்ந்து ஒரே ஆளுக்கு. கேஸ் மாத்திரை, சுகர் மாத்திரை, சைவச் சாப்பாடு என்கிற இந்தச் சேர்க்கை நம் தெருவில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தைராய்டும் பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. அம்மா போனதிலிருந்து சாப்பாடு, டிவி, நண்பர்கள் எதிலாவது நாட்டம் இருக்கிறதா என்று அப்பாவிடம் தனியாகக் கேட்டார்கள், ஏனென்றால் மனச்சோர்வும் இதே மாதிரி வேடம் போட்டு வரும்.

பலன்? பி12 ஊசி போட்டு, தூக்க மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தி, சளி மாத்திரையை மாற்றி, காது மெஷினோடு சில மாதம் கழித்து மறுபடி எடுத்த சோதனையில் 23. பேச்சில் முன்பிருந்த கிண்டல் திரும்பி வந்திருக்கிறது. பேப்பரில் வந்த ஒரு நிதி நிறுவன மோசடியைப் படித்துவிட்டு எனக்கு அரைமணி நேரம் விளக்கினார், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஆனால் பழைய அப்பா முழுசாக வரவில்லை. வட்டிக் கணக்கு இன்னும் நடுவில் அறுந்துபோகிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சல் வருகிறது. ‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு அது அப்படியே நிற்கும், சிலருக்கு டிமென்ஷியாவாகப் போகும், சிலருக்குச் சரியாகவும் ஆகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றார் டாக்டர். எதுவும் உறுதி கொடுக்காத டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

போகிற போக்கில் என்னையும் கேட்டார், நீங்கள் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்று. ஆறு மணி நேரம், எனக்கு அது போதும் என்றேன். சிரித்தார். 2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வந்த ஆய்வு ஒன்று: இரண்டு வாரம் தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம், ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்கு மோசமாகிவிட்டது, ஆனால் தாங்கள் மந்தமாகிவிட்டதை அவர்கள் பெரிதாக உணரவே இல்லை. அப்பாவுக்காவது தன் கணக்கு தப்புகிறது என்று தெரிகிறது.

இனி புகார். கன்சல்டேஷன், சோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தைத் தாண்டியது, காது மெஷின் தனி. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னதில் குறை சொல்ல மாட்டேன், ரத்தக்கட்டி, கட்டி, நீர் கோத்துக்கொள்வது இதையெல்லாம் விலக்க ஒரு தடவை ஸ்கேன் வேண்டும். ஆனால் பில் கவுண்டருக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்து ‘மூளை நலப் பேக்கேஜ்’ விற்கிறார். வருஷச் சந்தா, கம்ப்யூட்டர் பயிற்சி, டிரிப்ஸ் வழியாக வைட்டமின். டாக்டர் சொன்னாரா என்று கேட்டால் “சார், இது ப்ரிவென்டிவ்” என்கிறார். டாக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன், தேவையில்லை என்று தலையாட்டினார். ஒரே கட்டடத்துக்குள் பத்தடி தூரத்தில் இரண்டு பேச்சு. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், வீட்டில் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு நான்தான் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். சந்தேகம் கேட்கப் போன் செய்தால் அதே எண் அழுத்துகிற குரல்.

இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. முதியோர் மருத்துவத்தில் சென்னைக்குப் பழைய பெயர் உண்டு. டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிகள் பிரிவு தொடங்கியவர். கிண்டியில் 2024-ல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறது, மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கிற வேலைக்கு அங்கே போகலாம். டிமென்ஷியா என்று உறுதியான பிறகு குடும்பத்துக்கு வழி காட்ட ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு சென்னையில் டெம்கேர்ஸ் என்ற பிரிவை நடத்துகிறது. வெளியூர்க்காரர்கள் எங்கே போவது என்று கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

போவதாக இருந்தால் காலை நேரத்தில், பெரியவருக்கு டிபன் கொடுத்துக் கூட்டிப் போங்கள், சுகர் இறங்கிய நேரத்தில் எடுத்த சோதனைக்கு அர்த்தம் இல்லை. கண்ணாடியும் காது மெஷினும் கட்டாயம். மாத்திரை என்றால் டாக்டர் எழுதியது மட்டும் இல்லை, மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்தது, அத்தை கொடுத்த கேப்சூல், தம்பி அனுப்பிய டப்பா எல்லாம். எப்போது, எதில் மாற்றம் தெரிந்தது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே உட்கார்ந்து யோசித்தால் வராது. அந்தப் பேக்கேஜ் மேஜையைத் தாண்டாமல் வெளியேறலாம், லிஃப்டுக்குப் பக்கத்தில் இன்னொரு படிக்கட்டு இருக்கிறது.